பற்றுச்சீட்டை எறியாதேங்கோ

2023 மார்கழி நடுப்பகுதி. எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் புதிதாக வந்திருந்த ஒரு குடும்பத்தை எடிசனில் ரூட் 1 வீதியோரம் உள்ள ஒரு மலிவு விலைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கணவர் முன்னரே வந்து அகதி அந்தஸ்துப் பெற்றவர். மனைவியும் எட்டு வயது மகனும் வந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பெடியனுக்குக் குளிர்ச்சட்டை வாங்க வேண்டும். கம்பியில் தொங்கிய சட்டைகளுக்கு மேலே 24 டொலர் 99 சதம் என்று பெரிய எழுத்தில் அட்டை இருந்தது. தங்கச்சி அதை இரண்டு தரம் வாசித்தாள், கைக்குள் இருந்த காசை மனதுக்குள் எண்ணினாள், பிறகுதான் சட்டையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். வரிசையில் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. பன்னிரண்டு கவுண்டர்கள் இருந்த கடையில் அன்று திறந்திருந்தவை இரண்டு. வரிசை சட்டைப்பகுதி வரைக்கும் வளைந்து போயிருந்தது.

அவளுடைய முறை வந்ததும் காசாளப் பெட்டை நிமிர்ந்து பாராமலே ஏதோ கேட்டாள். கடையில் பதிந்த தொலைபேசி எண் உண்டா என்பதுதான் கேள்வி. தங்கச்சிக்கு விளங்கவில்லை, "யெஸ்" என்றாள். எண்ணைச் சொல்லு என்று அவள் குரலை உயர்த்தினாள். ஆங்கிலம் விளங்காதவர்களுக்குக் காதும் கேளாது என்று இந்த நாட்டில் பலர் நினைக்கிறார்கள். அடுத்து, கடையின் கடனட்டை ஒன்றுக்கு விண்ணப்பிக்க விருப்பமா என்று கேட்டாள். அதற்கும் "யெஸ்". நல்ல வேளையாக நான் பின்னாலிருந்து "நோ, நோ" என்று கை காட்டினேன். பெட்டை என்னை ஒருதரமும் மேற்கூரையை ஒருதரமும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். சட்டையை இழுத்து ஸ்கான் பண்ணினாள். திரையில் 34.99 என்று விழுந்தது.

பெடியன்தான் அதைக் கண்டான். "அம்மா, அங்க இருவத்திநாலு எண்டெல்லே கிடந்தது" என்றான். தங்கச்சி அவனுடைய கையைப் பிடித்து நுள்ளினாள். "சும்மா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். காசை எண்ணிக் கொடுத்தாள். பெட்டை பற்றுச்சீட்டைச் சட்டைக்குள் திணித்துத் தள்ளிவிட்டு "நெக்ஸ்ற்" என்றாள். அந்த நெக்ஸ்ற் நான்.

வாசகர்கள் கேட்பீர்கள், இருபத்தாறு வருஷம் இந்த நாட்டில் இருந்த நீ ஏன் அப்போதே வாய் திறக்கவில்லை என்று. நியாயமான கேள்வி. எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். ஒருவன் வண்டிலால் என் குதிக்காலை இடித்துக்கொண்டு நின்றான். நானும் பேசாமல் என் சாமானுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏறியபின் "பத்து டொலர் கூட எடுத்திட்டாள், கண்டனீயோ" என்றேன்.

"கண்டனான் அக்கா. ஏன் வீண் சோலி எண்டு விட்டிட்டன்."

பத்து டொலர் என்றால் என்ன என்று அந்த வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும். கணவர் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. ஆனாலும் அந்தப் பத்து டொலரைவிட, பிள்ளையின் கையில் விழுந்த நுள்ளுத்தான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அவன் கண்டதைச் சொன்னான். அதற்குக் கிடைத்த கூலி அது.

நாங்கள் வரிசையில் நிற்கப் பழகிய இடம் வேறு. என் வயதுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஆனிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் இல்லை, எரிபொருளும் இல்லை, பற்றரியும் இல்லை. சங்கக்கடை வாசலில் குடும்ப அட்டையோடு விடியப்புறம் நாலு மணிக்குப் போய்க் கல்லு வைத்து இடம் பிடித்து மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள் நாங்கள். போத்தல் கணக்கில் அளந்து ஊற்றும்போது கொஞ்சம் குறைந்தால் கேட்க முடியுமா? கேட்டால் அடுத்த கிழமை "உங்கட அட்டைக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிடுவார்கள். அது ஒரு வரிசை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இன்னொரு வரிசை. அங்கே வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. வரிசையின் முன்னால் இருப்பவனுக்கு முகத்தைக் காட்டு, சத்தத்தைக் காட்டாதே என்று எங்களுடைய தாய்மார் எங்களுக்குப் பழக்கினார்கள். அன்றைக்கு அது உயிர் காத்த புத்தி. தங்கச்சியும் அதே புத்தியைத்தான் ரூட் 1 வரைக்கும் கொண்டு வந்திருக்கிறாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் சாவகச்சேரிப் பக்கம் நடந்ததே, அதில் நானும் மூத்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பிறகு கொழும்பு. 1997இல் இங்கே கணவரிடம் வந்து சேர்ந்தேன். முதல் தடவை தனியாகச் சுப்பர்மாக்கெற்றுக்குப் போனபோது காசாளர் என்னிடம் "பேப்பரோப்ளாஸ்ரிக்" என்று கேட்டார். ஒரே சொல் மாதிரி. ஏதோ பத்திரிகை வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்து "நோ" என்றேன். பை இல்லாமல் எல்லாச் சாமானையும் என் முன்னால் தள்ளிவிட்டார். பாலையும் பருப்பையும் சேலைத்தலைப்பில் ஏந்தாத குறையாகக் கொண்டு வந்தேன். இப்போது வருகிற ஆட்களுக்கு அந்தக் கேள்வி இல்லை. 2022 வைகாசி 4ஆம் திகதியிலிருந்து நியூ ஜேர்சிக் கடைகள் பிளாஸ்ரிக் பை கொடுக்கக்கூடாது, பெரிய பலசரக்குக் கடைகள் கடுதாசிப் பையும் கொடுக்கக்கூடாது என்று சட்டம். உங்கள் பையை நீங்களே கொண்டுபோக வேண்டும். அதைத் தெரியாமல் போய், கை நிறையச் சாமானோடு கவுண்டரில் திகைத்து நிற்கிற எங்கட சனத்தை இன்றைக்கும் காண்கிறேன்.

மகள் பிறந்தது 1998இல். அந்த நாட்களில் எங்களுக்கு "விக்" உதவி கிடைத்தது. கர்ப்பிணிகள், தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு அரசு தரும் உணவு உதவி அது. இப்போது அட்டையாகிவிட்டது, அப்போது காசோலை. பால் இத்தனை, முட்டை இத்தனை, சீஸ் இத்தனை, பழரசம் இத்தனை அவுன்ஸ் என்று அதில் அச்சடித்திருக்கும். ஒரு காசோலைக்குரிய சாமானை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். விட்டது விட்டதுதான். காசாளர் தொகையை எழுதியபின் அவர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஒரு மாசி மாதம், வெளியே உறைபனி. பிள்ளையை ஒரு கையிலும் காசோலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். காசாளர் கடுதாசியைக் கண்டதும் ஒலிபெருக்கியை எடுத்து, ஏழாம் கவுண்டரில் விக் செக், மனேஜர் வரவும் என்று கடை முழுவதும் கேட்கச் சொன்னார். எனக்கு அந்த ஆங்கிலம் மட்டும் நன்றாக விளங்கியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார்கள். மனேஜர் வந்து, நான் 46 அவுன்ஸ் பழரசத்துக்குப் பதிலாக 64 அவுன்ஸ் எடுத்துவிட்டேன், சீஸும் வேறு வகை என்று விரலால் தட்டிக் காட்டினார். போய் மாற்றிக்கொண்டு வா என்று சொன்னாரோ என்னவோ, எனக்கு விளங்கவில்லை. நான் அசையாமல் நின்றேன். அவர் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குத் தொகையை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். வைத்தேன். வீட்டுக்கு வந்தபின்தான் இவர் சொன்னார், அந்தக் காசோலையில் இருந்த சீஸும் பழரசமும் போய்விட்டன, திரும்பக் கேட்க முடியாது என்று.

அன்று இரவு நான் அழுதேன். சீஸுக்காக இல்லை. எங்கள் வீட்டில் அப்போது ஒருவருக்கும் அது பிடிக்காது. நிறத்தைப் பார்த்துத்தானே அப்படி நடத்தினார்கள் என்று இவரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்தப் பதில் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது.

பிறகு நானே கவுண்டருக்குப் பின்னால் போனேன். 2000ஆம் ஆண்டு ஒரு மலிவு விலைக் கடையில் காசாளராகச் சேர்ந்தேன். சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 5 டொலர் 15 சதம். எனக்கு 6 டொலர் தந்தார்கள். பதினொரு வருஷம் அங்கே நின்றேன். நின்றேன் என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளுங்கள். காசாளருக்கு அங்கே கதிரை கிடையாது. ஆல்டி கடைகளில் காசாளர்கள் இருந்துகொண்டு வேலை செய்வதைக் கண்டிருப்பீர்கள். அது ஜெர்மனியிலிருந்து வந்த கடை, அங்கத்தைப் பழக்கம் அது. அவர்களுடைய வரிசைதான் மற்றெல்லாவற்றையும்விடக் கெதியாக நகர்கிறது. ஆனாலும் மற்றக் கடைக்காரர்களுக்கு இருந்து வேலை செய்கிற காசாளரைக் கண்டால் சோம்பேறி என்ற நினைப்பு.

ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சாமான் ஸ்கான் பண்ணினேன் என்று இயந்திரம் கணக்கு வைத்திருக்கும். கிழமை முடிவில் அந்தக் கணக்கைப் பெயரோடு சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒருவர் கேள்வி கேட்டு அரை நிமிஷம் நின்றால் அந்த எண் விழும். விலையில் பிழை இருந்தால் அதைத் திருத்துகிற அதிகாரம் எனக்கு இல்லை. சுப்பர்வைசர் வந்து தன்னுடைய திறப்பைப் போட வேண்டும். விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பேன். அவள் கடையின் மறு கோடியில் லொறிச் சாமான் இறக்கிக்கொண்டிருப்பாள். வருவதற்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் பார்ப்பது என்னைத்தான். ஆகையால் விலை பிழை என்று ஒருவர் சொன்னால் முதல் ஆளாக முகத்தைச் சுளிப்பது நானாகத்தான் இருந்தேன். சுளித்தால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பன்னிரண்டு கவுண்டர் வைத்துவிட்டு இரண்டை மட்டும் திறப்பது ஏன் என்று நீங்கள் எல்லாரும் கேட்கிற கேள்விக்கும் பதில் அங்கேதான் தெரிந்தது. இத்தனை விற்பனைக்கு இத்தனை மணித்தியால வேலை என்று மேலிடம் கணக்குப் போட்டு அனுப்பும். அதற்கு மேல் ஆள் போட்டால் மனேஜருடைய கதிரை ஆடும். மலிவாக விற்கிற கடை, மலிவை எங்கே இருந்து எடுக்கிறது? கொஞ்சம் மொத்தமாக வாங்குவதில், கொஞ்சம் கட்டிடத்தில், மிச்சம் ஆள்கூலியில். ஆள் குறைந்தால் அதை ஈடுசெய்வது வரிசையில் நிற்கிற உங்களுடைய நேரம்.

எங்கள் ஊர்க் கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளி உள்ளே, நாங்கள் வெளியே. பருப்பு ஒரு இறாத்தல் என்றால் அவர் நிறுத்துச் சுற்றித் தருவார், கொம்மா எப்பிடி என்றும் கேட்பார். இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1916இல் ரெனசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் தொடங்கி, வாடிக்கையாளரே கூடையை எடுத்துச் சாமானைத் தெரிந்து கொண்டுவந்து வாசலில் காசு கட்டுகிற முறையைக் கொண்டுவந்தார். கடைக்காரர் செய்த வேலையில் பாதி எங்களுடைய கைக்கு வந்தது அன்றிலிருந்துதான். 1962 என்ற ஒரே ஆண்டில் கேமாட், ராகற், வோல்மாட் மூன்றும் மலிவு விலைக் கடைகளாகப் பிறந்தன. அவற்றுள் கேமாட்டின் நியூ ஜேர்சிக் கடைகள் எல்லாம் மூடியாயிற்று. 1974 ஆனி 26ஆம் திகதி ஒஹாயோவில் ட்ரோய் என்ற சின்ன ஊரில் ஒரு பைக்கற் றிக்லீஸ் சூயிங்கம்தான் முதன்முதலாகக் கோட்டுக் குறியீட்டால் விலை வாசிக்கப்பட்டது. அதற்குப் பிறகு காசாளர் விலையை மனதில் வைத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. அவருக்குச் சட்டையின் விலையே தெரியாது, இயந்திரம் சொல்வதுதான் தெரியும். கம்பிக்கு மேல் தொங்குகிற அட்டைக்கும் இயந்திரத்துக்குள் இருக்கிற விலைக்கும் நடுவில், அட்டையை மாற்ற ஆள் இல்லாத கடையில், பிழை வராமல் என்ன செய்யும்? ஒஹாயோ மாநிலத்துச் சட்டமா அதிபர் 2022இல் டொலர் ஜெனரல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது இதற்காகத்தான், தட்டில் ஒரு விலை, கவுண்டரில் கூடின விலை என்று. அடுத்த ஆண்டு பத்து லட்சம் டொலருக்கு அந்த வழக்குத் தீர்ந்தது. பத்து லட்சம் டொலர் வழக்கும் யாரோ ஒருவர் பற்றுச்சீட்டைத் தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் தொடங்கியிருக்கும்.

இனி, நான் சொல்ல விரும்பாத கதை.

2003 மார்கழி. பண்டிகைக்காலம், வரிசை முடிவில்லாமல் இருந்தது. ஒரு வயதான அம்மா வந்தா. சேலைக்கு மேல் ஆண்களுடைய பெரிய குளிரங்கி, காலில் சப்பாத்துக்குள் தடித்த மேஸ். இரண்டு தேத்தண்ணிக் கோப்பையும் ஒரு துவாயும் வாங்கியிருந்தா. காசைக் கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்தா. அவிழ்த்துச் சில்லறையை மேசையில் பரப்பி எண்ணத் தொடங்கினா. இந்த நாட்டுச் சில்லறை ஒரு வஞ்சகம். பத்துச் சதக் குற்றி ஐந்து சதக் குற்றியைவிடச் சின்னன். அந்த அம்மா பெரிய குற்றியைப் பத்து என்றும் சின்னதை ஐந்து என்றும் எண்ணினா. பிழைத்தது. திரும்ப எண்ணினா. சுப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கிழமை என்னுடைய எண் ஏற்கெனவே விழுந்திருந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து என் பெயர் அட்டையைப் பார்த்தா. முகம் மலர்ந்தது. "பிள்ளை, தமிழோ?" என்றா.

நான் ஆங்கிலத்தில், இவ்வளவு வேண்டும் மாம், என்றேன். சில்லறையை நானே விரலால் இழுத்து எடுத்துக்கொண்டு, பையைத் தள்ளிவிட்டு, "நெக்ஸ்ற்" என்றேன்.

"சரி பிள்ளை" என்றா. கோபம் இல்லாத குரல். மேசையில் மிச்சமிருந்த சில்லறையை மறந்துவிட்டுப் போய்விட்டா. ஒரு பத்துச் சதம், ஒரு ஐந்து சதம். நான் கண்டபோது அவ வாசலைத் தாண்டியிருந்தா. அன்று வேலை முடிந்து லாச்சியை எண்ணியபோது பதினைந்து சதம் கூட வந்தது. கூடினாலும் குறைந்தாலும் கடுதாசியில் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எண்ணும்போது பிழைத்துவிட்டது என்று எழுதினேன்.

பிறகு எத்தனையோ வருஷம் கோயிலில், கலைவிழாக்களில், செத்தவீடுகளில் அந்த முகத்தைத் தேடினேன். காணவில்லை. கண்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அதனால்தான், காசாளர் முகம் கொடுக்காதபோது நிறம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள் என்று புது ஆட்களுக்குச் சொல்கிறேன். நிறம் காரணமாகவும் இருக்கும், அதையும் நான் கண்டிருக்கிறேன். உங்களுக்கு முன்னால் நின்றவரை எப்படி நடத்தினாள் என்று பாருங்கள். அவருக்குச் சிரித்துவிட்டு உங்களுக்கு முகத்தைத் திருப்பினால் அது வேறு கதை, அப்போது மனேஜரைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எல்லாரையும் ஒரே மாதிரித் தள்ளினால் அவள் களைத்துப்போன பிள்ளை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வகையிலும் உங்களுடைய பத்து டொலர் உங்களுடைய பத்து டொலர். அதை அவளிடம் சண்டை பிடித்து வாங்க முடியாது. அவளுடைய கையில் திறப்பு இல்லை. வாசலுக்குக் கிட்ட "கஸ்ரமர் சேர்விஸ்" என்று ஒரு மேசை இருக்கும். திறப்பு அங்கேதான்.

அந்த மேசைக்குத் தேவையானது பற்றுச்சீட்டு. எங்கட சனம் கடை வாசலிலேயே அதைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடுவதைக் கண்டு எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. நியூ ஜேர்சிச் சட்டப்படி சாமானின் விலை அதன்மேலோ அதை வைத்திருக்கிற இடத்திலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கிற விதிகளையும் கடை எல்லார் கண்ணிலும் படும்படி போட வேண்டும். அப்படிப் போடாத கடையில் வாங்கின சாமானை, வாங்கின ஆதாரத்தோடு, பாவிக்காத நிலையில் இருபது நாளுக்குள் கொண்டுபோனால் காசைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. கடை கேளாவிட்டால் முறையிட நுவார்க்கில் மாநில நுகர்வோர் அலுவலகம் இருக்கிறது. தராசும் விலை வாசிக்கும் இயந்திரங்களும் சரியா என்று பார்க்கிற நிறுத்தல் அளத்தல் அலுவலகம் எடிசனுக்குப் பக்கத்திலேயே, அவெனலில் இருக்கிறது. இந்த இடங்களில் முறையிட்டதற்காக ஒருவருடைய அகதிக் கோப்பிலும் கை வைக்க மாட்டார்கள். அதைத்தான் தங்கச்சி முதலில் கேட்டாள்.

நாலு நாள் கழித்து நாங்கள் திரும்பப் போனோம். பற்றுச்சீட்டு சட்டைப்பைக்குள்ளேயே கிடந்தது, பெட்டை திணித்த மாதிரி. காரில் வரும்போது பெடியனிடம் சொன்னேன், நீ கண்டதை நீயே ஆங்கிலத்தில் சொல்லு, அம்மா பற்றுச்சீட்டைக் காட்டுவா, நான் பின்னால் நிற்பேன் என்று. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சொல்லு" என்றாள்.

மேசையில் நின்ற பெண்மணிக்கு என்னளவு வயதிருக்கும். பெடியன், பாடம் ஒப்புவிக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, அட்டையில் இருபத்துநாலு தொண்ணூற்றொன்பது, எங்களிடம் முப்பத்துநாலு தொண்ணூற்றொன்பது எடுத்தீர்கள் என்றான். அவ பற்றுச்சீட்டைப் பார்த்தா, அவனைப் பார்த்தா, பிறகு எழுந்து எங்களோடு சட்டைப்பகுதிக்கு நடந்து வந்தா. அட்டை அங்கேயே தொங்கியது. போன கிழமையே கழற்றியிருக்க வேண்டும், ஆள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைக் கழற்றிக் கையில் எடுத்தா. திரும்பி வந்து பத்து டொலரை நீட்டினா. சரியாகப் பத்து, சில்லறை இல்லை. இந்த மாநிலத்தில் உடுப்புக்கு விற்பனை வரி கிடையாது. மன்னிப்பும் கேட்கவில்லை, முறைக்கவும் இல்லை.

தங்கச்சி அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வந்ததுக்குப் பாலும் வாங்கிக்கொண்டு போவோம் என்றாள். அன்றைக்கும் ஒரே ஒரு கவுண்டர்தான் திறந்திருந்தது. நின்றவள் அதே பெட்டை. எனக்கு வேறு கடைக்குப் போகத்தான் மனம். தங்கச்சி போய் வரிசையில் நின்றாள்.

தொலைபேசி எண் கேட்டாள் பெட்டை. "நோ." கடனட்டை வேண்டுமா? "நோ, தாங்க் யூ." மிச்சச் சதத்தைத் தருமத்துக்கு விடலாமா என்று ஒரு புதுக் கேள்வி கேட்டாள். தங்கச்சி மகனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் தமிழில் சொன்னான், "வேண்டாம் எண்டா வேண்டாம் எண்டு சொல்லலாம் அம்மா." "நோ" என்றாள். பெட்டை சிரிக்கவுமில்லை, பெருமூச்சு விடவுமில்லை. பாலை ஸ்கான் பண்ணினாள். அப்போதுதான் கண்டேன், அவளுடைய வலது மணிக்கட்டில் கறுப்புப் பட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. பதினொரு வருஷம் நின்ற எனக்கு அந்தப் பட்டி தெரியும். என்னுடையது இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

தங்கச்சியும் அதைக் கண்டுவிட்டாள். என் பக்கம் குனிந்து, "அக்கா, கைக்கு என்ன எண்டு இங்கிலீசில எப்பிடிக் கேக்கிறது?" என்றாள்.

"பின்னால ஆக்கள் நிக்கினம், கெதியா நட" என்றேன் நான்.